பனிக்குள் பூட்டிய நன்னீர்



உலக நீரில் நூற்றுக்கு 97 பங்கு உப்பு நீர். எஞ்சிய நன்னீரிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாக உறைந்துள்ளது. அதிற் பெரும்பகுதி தென் துருவத்தின் அந்தாட்டிக்காவில் உண்டு.

அதனை நாம் பருகலாகாதா? 1977ஆம் ஆண்டு, சவூதி இளவரசர் முகமட் அல் பைசலின் ஆதரவுடன் அறிஞர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் கூடி, மிதக்கும் பனிமலைகளைக் கப்பல்களால் இழுத்துவரும் வழியை ஆராய்ந்தனர். வெப்பக் கடலிற் பனி உருகும், செலவோ பெரிது. அத்திட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை.

பனி தானாக உருகினாலும் நமக்குப் பயனில்லை. அது கடலிற் கலந்து உப்பாகும். நிலத்துப் பனி உருகினால் கடல்மட்டமும் உயரும். அப்போது கரையோரக் கிணறுகளிலும் உவர் ஏறும்.

ஆகவே, இறைவன் நம் கைக்கெட்டத் தந்தவை மழையும் குளமும் கிணறுமே. அயலவரின் தாகத்துக்கும் உரிய அந்நீரை வீணாக்குதல் சிறு குற்றமன்று. இன்றிரவு குடும்ப செபத்தின்பின் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.