ஜேனட் மொழியில் -1: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பைத்தானில் பழகிய கை ஜேனட்டுக்கு வந்ததும் நெகட்டிவ் இண்டெக்ஸில்தான் இடறும். கால்வின் ரோஸ் உருவாக்கிய இந்தச் சிறிய லிஸ்ப் வகை மொழியில் ஸ்லைஸ் ஃபங்ஷன் மைனஸ் எண்களை வேறு கணக்கில் பார்க்கிறது. கீழே வரும் எல்லா உதாரணங்களிலும் ‘எண்கள்’ என்பது 10, 20, 30, 40, 50 கொண்ட ஒரே அரேதான்.

செய்ய வேண்டியவை

• உறுப்புகளை விட்டுவிட்டு, அவற்றின் எல்லைகளை எண்ணுங்கள். ஐந்து உறுப்புகளுக்கு ஆறு எல்லைகள். இடப்பக்கமிருந்து எண்ணினால் 0 முதல் 5 வரை; வலப்பக்கமிருந்து எண்ணினால் -1 முதல் -6 வரை. -1 என்பது 50ஐயும் தாண்டி, பட்டியல் முடிகிற இடம். அதனால் (ஸ்லைஸ் எண்கள் 0 -1) முழுப் பட்டியலையும் தருகிறது. இதையே பைத்தானில் எழுதினால் 50 உதிர்ந்துவிடும். ஜேனட்டில் 50ஐ உதிர்க்க -2 போட வேண்டும்.

• குழப்பம் வந்தால் நீளத்தோடு ஒன்றைக் கூட்டி, அதோடு மைனஸ் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். (ஸ்லைஸ் எண்கள் -3) எங்கே தொடங்கும்? 5 + 1 - 3 = 3. ஆக 40, 50 கிடைக்கும். தொடக்கத்துக்கு ஒரு விதி, முடிவுக்கு ஒரு விதி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை; இந்த ஒரு கணக்கு இரண்டுக்கும் போதும்.

• கடைசியில் எத்தனையை விடுவது என்பது மாறியில் வந்தால், -1இலிருந்து அந்த மாறியைக் கழித்து முடிவெல்லையாகக் கொடுங்கள். மாறி 0 ஆனாலும் முடிவு -1. பட்டியல் முழுசாக வரும். ஜேனட்டின் இந்த விசித்திரமான வழக்கத்துக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஈமாக்ஸ் லிஸ்ப்பின் செக்-சப்செக் பைத்தான் வழியில் எண்ணுவது. அங்கே மாறிக்கு மைனஸ் போட்டு முடிவெல்லையாகக் கொடுத்தால், 0 வரும் நாளில் மைனஸ் பூஜ்யமும் பூஜ்யமே என்றாகி, முழுப் பட்டியலுக்குப் பதில் காலிப் பட்டியல் திரும்பும். எரரும் வராது. சோதனையில் சிக்காமல் தப்பிக்கிற பிழை இது.

• சின்ன வேலைக்கு ஸ்லைஸே வேண்டாம். கடைசி உறுப்புக்கு லாஸ்ட் இருக்கிறது. புதிய பதிப்புகளில் (டேக் -2 எண்கள்) கடைசி இரண்டைத் தரும், (டிராப் -1 எண்கள்) கடைசி ஒன்றை விடும்.

செய்யக்கூடாதவை

• ஒற்றை உறுப்பை எடுக்க மைனஸ் எண் கொடுக்காதீர்கள். (கெட் எண்கள் -1) சத்தமில்லாமல் ‘நில்’ என்ற வெற்று மதிப்பைத் தரும். (இன் எண்கள் -1) எரர் காட்டும்.

• எல்லை தாண்டினால் பைத்தான் போல விட்டுக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். இந்த அரேக்கு ஸ்லைஸில் -6 முதல் 5 வரைதான் செல்லும். 9 போட்டால் எரர். ஆனால் முடிவு தொடக்கத்துக்கு முன்னால் விழுந்தால் மட்டும் எரர் இல்லை, காலியாகத் திரும்பும்.

• அரேயை வெட்டினால் அரே வரும் என்று எண்ணாதீர்கள். ஸ்லைஸ் தருவது மாற்ற முடியாத டியூப்பிள். அரே வேண்டுமென்றால் அரே/ஸ்லைஸ்.

• ஒரு லிஸ்ப்பின் பழக்கத்தை இன்னொன்றுக்கு எடுத்துப்போகாதீர்கள். காமன் லிஸ்ப்பின் சப்செக்கும் குளோஷரின் சப்வெக்கும் மைனஸ் எண்ணை ஏற்பதே இல்லை.

• தமிழ்ச் சரத்தை நேரடியாக வெட்டாதீர்கள். ஜேனட்டுக்குச் சரம் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. யூடிஎஃப்-8இல் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஒவ்வொன்றும் மூன்று. இதில் கடைசி எழுத்தை உதிர்க்க 0 -2 என்று வெட்டினால் புள்ளியின் கடைசி பைட் மட்டும் போய், சரம் உடைந்து நிற்கும். 0 -4 போட்டால் புள்ளி முழுதாகப் போய் ‘தமிழ’ மிஞ்சும். அதுவும் நீங்கள் கேட்டது அல்ல. தமிழ்த் தரவு என்றால் முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்து அரேயில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு வெட்டுங்கள்.