அம்மிணியின் அளவுக்கு ஒரு கார்ட்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அக்கா மகள் அம்மிணிக்காகப் பழைய கோ-கார்ட் ஒன்றை வாங்கி, மோகனூர் வீட்டு வாசலில் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. நம் பக்கத்தில் இதற்குக் கை வைக்கத் துணிந்தவர்கள் குறைவு. ஆனால் உடனே ஒன்று சொல்ல வேண்டும். பின் ஆக்சிலுக்கு முன்னால் இரண்டு பைப்புக்கும் குறுக்கே தட்டு வைத்து வெல்டு அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைச் செய்யாதே. வெல்டிங் செட்டை அந்த வண்டிப் பக்கமே கொண்டு போகாதே.

நாமக்கல் பாடி பட்டறையில் தொழில் பழகியவனுக்குச் சேஸிஸைப் பார்த்தாலே எங்கே வலுச் சேர்க்கலாம் என்றுதான் கண் போகும். அதே பட்டறையில் இன்னொன்றையும் கற்றிருப்பாய். லாரி சேஸிஸின் விளிம்பில் வெல்டு வைக்கக் கூடாது, பாடியை யு-போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் சேஸிஸ் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தாக வேண்டும், கொடுக்க விடாவிட்டால் விரிசல் விடும். கார்ட்டுக்கு அந்த முறுக்கம்தான் உயிர்.

கார்ட்டில் ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு இம்மி அளவு எழும்ப வேண்டும். அதை எழுப்புவது, முன்சக்கரம் திரும்புகிற கிங் பின்னின் சாய்வு. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்துகிறது, வெளிப்பக்கச் சக்கரம் மேலே போகிறது, சேஸிஸ் பைப் முறுக்கிக்கொள்கிறது, மூலைக்கு மூலை எடை மாறி உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிறது. நீ தட்டு வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் கெடும். வண்டி திரும்ப மறுக்கும், இல்லாவிட்டால் துள்ளித் துள்ளித் திரும்பும். பெரியவர்கள் கார்ட்டில் 32 மில்லி வரை பைப்பும் 50 மில்லி ஆக்சிலும் இருக்கும். சின்னப் பிள்ளைகள் வண்டியில் பைப் 28 மில்லி, ஆக்சில் 30 மில்லி. முப்பது கிலோப் பிள்ளையின் எடைக்கும் அது வளைந்து கொடுக்க வேண்டும் என்றே மெலிதாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பலவீனம் என்று நினைத்துவிடாதே.

பைப்பில் விரிசலோ கோணலோ இருந்தால் வேறு சேஸிஸ் பார். வெல்டு மூட்டுகளை மண்ணெண்ணெயில் துடைத்து, வெயிலில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார். பெயின்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தாலும் சுரண்டிப் பார்க்காமல் விடாதே.

அடுத்து நீ இன்ஜினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சீட்டைப் பற்றி ஒரு வரி. அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் கார்ட் 1956இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஆர்ட் இங்கெல்ஸ் என்ற பந்தயக் கார் பட்டறைக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினை எடுத்து, பைப் சட்டத்தில் மாட்டினார். நம் ஊரிலும் நடந்தது அதுதான். கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டி, வசதி குறைந்த இளைஞர்களும் ஓட்டும்படி செய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கிடைத்த இன்ஜினை எடுத்துக்கொண்டு, மூளையைச் சேஸிஸில் செலவழித்தவர்கள் இவர்கள். நீயும் அந்த வழியில் போ.

அம்மிணிக்கு ஒன்பது வயது. வளர்கிற பிள்ளைதானே என்று பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக எடுப்போம். கார்ட் சீட்டில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். பெரிய சீட் வாங்கிப் பஞ்சு அடைத்தால், வளைவில் அவள் உடம்பு உள்ளே ஆடும், விலா எலும்பு அடிபடும். விழாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவாள். தொங்குகிற கைக்கு வண்டி என்ன சொல்கிறது என்று தெரியாது. சீட் இடுப்பையும் விலாவையும் பிடித்திருக்க வேண்டும், மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். விலாக் கவசம் போட்டபடியே உட்காரவைத்து அளவு பார். அவள் வளர வளர சீட்டை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் முதலிலேயே எழுதிவை.

சீட்டைச் சேஸிஸில் முடுக்கியதும் அதுவும் சேஸிஸின் ஒரு பாகம் ஆகிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே தள்ளினால் வண்டியின் குணம் மாறும். அதனால் ஓட்டை போடுவதற்கு முன் நான்கு டிஜிட்டல் எடைக் கருவிகளைச் சமதளத்தில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒன்று கொடு. ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, கை ஸ்டியரிங்கில், கால் பெடலில் இருக்கும்படி அவளை உட்காரவை. மொத்த எடையில் முன்னால் ஏறக்குறைய 43 சதவீதம், பின்னால் 57 வந்தால் நல்ல தொடக்கம். இடமும் வலமும் சமமாக வர வேண்டும். பந்தய விதிப்படி எடை போதாமல் ஈயக் கட்டி சேர்க்க நேர்ந்தால், ஒவ்வொரு கட்டிக்கும் இரண்டு போல்ட் போடு. பறந்து போகிற ஈயக் கட்டி பின்னால் வருகிற பிள்ளையின் முகத்தில் அடிக்கும்.

பிறகு பெடலை அவள் காலுக்குக் கொண்டு வா. பிரேக்கை முழுவதும் மிதித்த பிறகும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். பிரேக் கம்பிக்குத் துணையாக ஒரு பாதுகாப்பு கேபிள் கட்டாயம். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். பின் ஆக்சிலில் இருக்கிற ஒற்றை டிஸ்க்தான் அவளுடைய மொத்த பிரேக், அதனால் ஆயிலில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஸ்டியரிங், டை ராடு, ஸ்டப் ஆக்சில் இந்த மூன்றிலும் கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதே, புதிதாக வாங்கு. பேரிங் ஹவுசிங்கை முடுக்கிய பிறகு ஆக்சிலைக் கையால் சுற்றிவிட்டுப் பார். தானாக ஓடி மெதுவாக நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் ஏதோ கோணலாக இருக்கிறது. முன்சக்கர அலைன்மெண்டை அவள் உட்கார்ந்திருக்கும்போது எடு. ஆள் இல்லாமல் எடுத்த அளவு, ஆள் ஏறியதும் மாறிவிடும்.

டயருக்குக் காற்று அடிக்க லாரி டயர் கடைக்குப் போகாதே. அங்கே இருக்கிற மீட்டர் நூறு பவுண்டுக்கு மேலே பார்க்கப் பழகியது. கார்ட் டயருக்குக் குளிர்ந்த நிலையில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு போதும், அதில் அரைப் பவுண்டு கூடினாலும் குறைந்தாலும் வளைவில் தெரியும். முப்பது பவுண்டுக்குள் காட்டுகிற நல்ல சின்ன மீட்டர் ஒன்று வாங்கு. நீ வாங்கப் போகிற கருவிகளில் மிகவும் பயன்படப் போவது அதுதான்.

இன்ஜினுக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது ரோடாக்ஸ் மைக்ரோ மேக்ஸ். பெரியவர்கள் ஓட்டுகிற அதே 125 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்தான், பிள்ளைகளுக்காகத் தடுப்பு வைத்து மூச்சைக் குறைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. ஒன்பது வயதுக்கு அந்தச் சக்தி போதும். இன்ஜினில் சீல் இருக்கிறது, உடைத்தால் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். பெட்ரோலில் 50க்கு 1 என்று ஆயில் கலந்து ஊற்று. கலந்ததை வாரக்கணக்கில் வைக்காதே. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் காற்று லேசாகும், அப்போது கார்புரேட்டர் ஜெட் ஒரு அளவு குறையலாம், மார்கழிக் காலையில் கூட வேண்டும். சந்தேகம் வந்தால் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போகிற பக்கமே நில். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் ஆபத்து, கரி படிந்திருந்தால் அதிகம், பழுப்பாக இருந்தால் சரி.

ஓட்டத் தொடங்கிய பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. காற்றையும் முன்சக்கர அகலத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று உனக்கே தெரியாது. தேதி, வெயில், காற்று, ஜெட், பல்சக்கரம், ஒரு சுற்றின் நேரம் என்று ஒரு நோட்டில் எழுது. கூடவே அம்மிணி சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. “நல்லாப் போச்சா?” என்று கேட்காதே, மாமா மனசு நோகக் கூடாது என்று ஆமாம் சொல்லிவிடுவாள். “எந்த வளைவுல வண்டி உன் பேச்சைக் கேக்கல?” என்று கேள். கை வலிக்கிறது என்றால் கிங் பின் சாய்வைக் குறை. சுற்று நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அந்த மணிக்கட்டுக்கு அதுதான் சரியான வண்டி. முன்பக்கம் தள்ளுகிறது என்றால் முதலில் அவள் எங்கே பிரேக் மிதிக்கிறாள் என்று ஓரமாக நின்று பார். பாதி நேரம் வண்டியில் குறை இருக்காது.

இனி எழுதுவதை அக்காவுக்கும் படித்துக் காட்டு. அம்மிணிக்கு இடுப்பு வரை ஜடை. 2018இல் ஹரியானாவிலும் 2020இல் ஹைதராபாத் அருகிலும் பொழுதுபோக்குக் கார்ட் ஓட்டிய பெண்கள், சுற்றுகிற பாகத்தில் கூந்தல் சிக்கி இறந்தார்கள். ஜடையைச் சுருட்டித் தலைத்துணிக்குள் வைத்து, அதற்கு மேல் ஹெல்மெட், உடுப்பின் கழுத்து மூடியிருக்க வேண்டும். துப்பட்டா, கயிறு, சங்கிலி எதுவும் கூடாது. ஹெல்மெட் ஸ்னெல்-எஃப்ஐஏ சிஎம்ஆர் முத்திரை உள்ளதாக இருக்கட்டும், அது பிள்ளைகளின் கழுத்துக்காகவே எடை குறைத்துச் செய்தது. மச்சான் சீட் பெல்ட் போடச் சொல்வார். வேண்டாம் என்று எடுத்துச் சொல். கார்ட்டுக்கு மேலே கூண்டு கிடையாது. கவிழும்போது பிள்ளையை வண்டியோடு கட்டி வைப்பது பெரிய ஆபத்து.

சர்க்கரை ஆலை ரோட்டிலோ காவிரிக் கரையிலோ ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. கரும்பு டிராக்டர் ஓட்டுபவரின் கண்ணுக்கு அந்த உயரத்தில் ஒரு பிள்ளை தெரியவே மாட்டாள். வாங்கல் பாலம் தாண்டி, கரூர் வழியாக வண்டியை ஏற்றிக்கொண்டு இங்கே வா, தடத்தில் ஓட்டலாம். பந்தயம் என்று போகும்போது இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பில் உரிமம் எடுக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நாராயண் கார்த்திகேயன் மாதிரி வரணும் என்று இப்போதே அவளிடம் சொல்லாதே. 2005இல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டியதை ஒருநாள் அவளே தெரிந்துகொண்டு வந்து உன்னிடம் கேட்கட்டும். அலுத்துவிட்டது என்று சொன்னால் அன்றே நிறுத்திவிடு.

இந்த வாரம் இன்ஜினைத் தொடாதே. அம்மிணியைச் சுவரோரம் உட்காரவைத்து இடுப்பு அகலம், விலா அகலம், முதுகிலிருந்து பாதம் வரை நீளம், எடை நான்கையும் எழுதி அனுப்பு. சீட்டை நான் இங்கே பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா