மின்னணுக் கழிவில் தங்கம்: கணக்கு என்ன சொல்கிறது?

பழைய கைபேசிகளிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கும் தொழிலுக்குக் கடன் கிடைக்குமா என வாடிக்கையாளர் சிலர் எங்களிடம் வினவுவதுண்டு. தங்கம் இருப்பது உண்மையே. ஒரு டன் தாதுவில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் நடத்த இயலும்; ஒரு டன் கைபேசி மின்சுற்றுப் பலகைகளிலோ நூறு கிராமுக்கும் மேல் உண்டு.

ஆயினும் கழிவு, பலகைகளாகப் பிரிந்து வந்து சேர்வதில்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் 2017 முதல் ஈராண்டுகள் சுமார் 79,000 டன் பழைய கருவிகள் திரட்டப்பட்டன. கிடைத்த தங்கம் ஏறத்தாழ 32 கிலோ. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு அரை கிராம்கூடத் தேறவில்லை! ஆகவே இலாபத்தை முடிவு செய்வது உலை அன்று; சேகரிப்பும் தரம் பிரித்தலுமே.

மொராதாபாத்தில் பலகைகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் மலிவாக உலோகம் பிரித்தனர். ராமகங்கைக் கரை மண்ணில் நச்சு உலோகங்கள் கலந்தன. அச்செலவு எவர் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

1-4-2023 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சியாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தல் கட்டாயம். பதிவு பெற்றோர் மறுசுழற்சிச் சான்றிதழ்களைக் கருவித் தயாரிப்பாளர்களுக்கு விற்கலாம்; உலோக விலைக்கு மேற்பட்ட வரவு இது.

கடன் விண்ணப்பத்தில் நாங்கள் முதலில் தேடுவது இயந்திர விலைப்புள்ளியை அன்று, கழிவு வழங்குவோருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை. அடுத்து, செம்பின் வரவை. தங்கம் விலையேறும் என்பதை மட்டுமே நம்பித் தீட்டிய திட்டங்களை ஐயத்துடனேயே நோக்குகிறோம்.