மழைக்காலச் சேற்றில் கறவை மாடு: வெயில் கண்டதும் அவிழ்த்து விடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான்கு நாள் அடைமழை பெய்து, ஐந்தாம் நாள் வெயில் முகம் காட்டும். கொட்டிலில் கட்டிக் கிடந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். வைக்கோலும் குறைந்திருக்கும். "வாயில்லா ஜீவன், கொஞ்சம் காலாற மேயட்டும்" என்று அவிழ்த்து விடத் தோன்றும். மழைக்காலத்தில் மாட்டுக்கும் நிலத்துக்கும் கெடுதல் நேர்வது பெரும்பாலும் அந்த ஐந்தாம் நாளில்தான்.

இதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். பள்ளியில் படித்த காலத்தில் எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. ஒரு கார்த்திகையில் மழை விட்ட அன்றே வரப்பு மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றோம். மூன்றாம் நாள் பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நொண்டியது. முள் என்று எண்ணி மஞ்சளும் எண்ணெயும் தடவினோம். மருத்துவரை அழைத்தபோது புண் மூட்டு வரை சென்றுவிட்டது. தை பிறக்குமுன் பாதி விலைக்கு விற்றோம். அந்த ஆண்டு என் படிப்புச் செலவுக்கு நம்பியிருந்தது அந்தப் பசுவின் பாலைத்தான். நாங்கள் பொறுத்திருக்க வேண்டியது ஒரு வாரம். இழந்தது ஒரு பசு.

சேறு என்ன செய்கிறது?

நாள் முழுதும் ஈரத்தில் நிற்கும் மாட்டின் குளம்பு ஊறி மெதுவாகிவிடும். இரு குளம்புகளுக்கு இடையே உள்ள தோலும் ஊறி வெடிக்கும். சிறு கல் கீறினாலும் போதும். சாணத்திலும் சேற்றிலும் உள்ள நுண்கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். இதுவே குளம்பு அழுகல் நோய். திடீரென்று நொண்டுதல், குளம்புக்கு மேல் வீக்கம், இடுக்கில் துர்நாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

அடுத்தது மடிநோய். பால் கறந்து முடிந்ததும் காம்பின் துவாரம் உடனே மூடுவதில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு சேற்றில் படுத்தால் கிருமிகள் நேரே மடிக்குள் சென்றுவிடும்.

மூன்றாவது, நிலத்துக்கு வரும் கேடு. ஈரமண்ணில் 350 கிலோ எடையுள்ள மாடு நடக்கும்போது, மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். புல்லின் தூர்கள் மிதிபட்டு அழுகும். ஒரு நாள் மேய்ச்சலுக்கு ஆசைப்பட்டால் அடுத்த சில மாதங்களுக்கான புல்லை இழக்க நேரிடும்.

கூரை நீரை முதலில் விலக்குங்கள்

கொட்டிலைச் சுற்றியுள்ள சேற்றில் பெரும்பங்கு, நம் கூரையிலிருந்து வடியும் நீரால் உண்டாவது. 20 சதுர மீட்டர் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர் நீர் இறவாரத்தின் கீழே விழுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அதே கூரைக்குக் கணக்கிட்டால் 13,000 லிட்டர்! ஆகவே இறவாரத்தில் தகரம் அல்லது பிளந்த பி.வி.சி. குழாயைப் பொருத்தி, நீரைத் தூரத்தில் விழச் செய்யுங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைத் தடுக்க, கொட்டிலுக்கு மேற்புறம் ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இதற்கு மண்வெட்டியும் ஒரு நாள் உழைப்பும் போதும்.

கொட்டிலின் தரை 10 அடி நீளத்துக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். மழைக்காலத்தில் காலை, பகல், மாலை என மூன்று வேளையும் அள்ளி எருக்குழியில் சேர்த்துவிடுங்கள்.

ஓர் இடத்தை ஒதுக்கி, மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்

அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களைச் 'சேற்றுப் பருவம்' என்றே அழைக்கிறார்கள். மேலே பனி உருகி நீராகும். அடியில் நிலம் இன்னும் உறைந்தே இருக்கும். நீர் இறங்க வழியில்லை. அங்கே குதிரை வளர்ப்போர் கையாளும் முறை நமக்கும் பொருந்தும். சிறு பட்டி ஒன்றைக் கெட்டுப் போனாலும் போகட்டும் என்று ஒதுக்கி, குதிரைகளை அதிலேயே நிறுத்துகிறார்கள். மேய்ச்சல் நிலம் காய்ந்து, புல் ஏறத்தாழ 6 அங்குலம் வளரும் வரை கதவைத் திறப்பதில்லை.

நம் 2 மாடுகளுக்குக் கொட்டிலை ஒட்டி 10 அடிக்கு 15 அடி திறந்த பட்டி போதும். அதை அரை அடி உயர்த்த 75 கன அடி, அதாவது முக்கால் யூனிட் பொருள் தேவைப்படும். அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் சரளை போட்டு இடித்து, மேலே மணல் பரப்புங்கள். புரட்டாசிக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். தவறவிட்டவர்கள் மாடு நிற்கும் இடத்தையாவது உயர்த்தலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சேறு கண்ட இடத்தில் கழிவு வைக்கோலையும் சருகையும் அள்ளிப் போடுவது பலருக்கு வழக்கம். இரண்டு நாள் நன்றாகத் தோன்றும். பிறகு அவை நீரை உறிஞ்சி மக்கி, முன்னிலும் ஆழமான சேறாகிவிடும்.

குளம்பும் மடியும்

வாரம் 2 முறை மாடுகளை மயில்துத்தக் கரைசலில் நிற்க விடலாம். 10 லிட்டர் நீருக்கு 500 கிராம் மயில்துத்தம் போதும். சிமென்ட் அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் கரையுங்கள். இரும்பை அது அரித்துவிடும். குளம்பில் சேறு இருந்தால் மருந்து வேலை செய்யாது. எனவே முதலில் கழுவி விடுங்கள். பிறகு காய்ந்த இடத்தில் மாட்டைக் கட்டுங்கள். இக்கரைசல் நஞ்சாகும், மாடோ ஆடோ குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எருக்குழியிலோ கொட்டக்கூடாது. கிணற்றுக்கும் மேய்ச்சல் இடத்துக்கும் அப்பால் தனிக்குழியில் ஊற்றி மூடுங்கள். புண் கண்ட மாட்டுக்குக் கைவைத்தியம் செய்து நாள் கடத்தாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

கறக்குமுன் காம்புகளை மட்டும் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். மடி முழுவதையும் நனைத்தால் அழுக்கு நீர் காம்புக்கு வடியும். முதல் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சிப் பாருங்கள். திரியோ இரத்தமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறந்து முடிந்ததும் தீவனம் வையுங்கள். தின்னும் மாடு படுக்காது. அரை மணி நேரத்தில் காம்புத் துவாரமும் மூடிவிடும். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

கட்டிப் போட்டுத் தீனி போட

குறுவை வைக்கோல் பெரும்பாலும் நனைந்தே கிடைக்கும். அதைத் தரையில் போடாமல், ஒன்றரை அடி உயரப் பரண் அமைத்து, கிடைத்த வெயிலில் உலர்த்திப் போர் போடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலையும் புண்ணாக்கையும் மாட்டுக்குப் போடக்கூடாது. கடலைப் புண்ணாக்கில் வளரும் பூசணத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும். இளம்புல் நனைந்திருந்தால் அறுத்துச் சில மணி நேரம் வாடவைத்து, வைக்கோலுடன் கலந்து கொடுங்கள். வெறும் ஈரப்புல் தின்றால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் வரலாம். நீர் தேங்கிய வரப்பு ஓரப் புல்லில் நத்தைகள் மூலம் தட்டைப்புழுக்கள் பரவும் என்பதால், அங்கே மேய்ப்பதும் நல்லதல்ல. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எப்போது அவிழ்க்கலாம்?

நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தில் நான்கு விரற்கடை ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். திரியாகத் திரண்டால் இன்னும் பொறுத்திருங்கள். விரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் நிலம் தயாராகிவிட்டது என்று பொருள். நீங்கள் நடந்த தடத்தில் நீர் ஊறினாலும் மாட்டை விடக்கூடாது. முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். திரும்பி வந்ததும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பாருங்கள்.

கட்டிக் கிடக்கும் மாட்டைப் பார்க்க மனம் கேட்காதுதான். ஆனால் காய்ந்த தரையும் உலர்ந்த வைக்கோலும் இருந்தால், மாட்டுக்கு அந்த நாட்கள் ஒரு துன்பமல்ல. மார்கழி வெயிலில் நிலம் இறுகியதும், கால் நொண்டாத மாட்டை நீங்கள் நிம்மதியாக அவிழ்த்து விடலாம்.