நாக்கடியில் வைத்தால் எல்லாம் வேகமா?

எந்த மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைத்தால் சட்டென்று கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் உதவும் என்று 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் எழுதினார். அதை விழுங்கினால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கடியில் கரைந்தாலோ கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலைத் தொடாமல் இதயத்தை அடைகிறது. சில நிமிடங்களில் வலி தணியத் தொடங்கும். நம்மூரில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டும் இதே வகைதான். (அதையும் உட்கார்ந்தே வைக்க வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்.) ஆனால் இந்த வேகம் அந்த மருந்தின் குணம், அந்த இடத்தின் மாயமல்ல. வாயின் உட்சவ்வைக் கடக்க மருந்து எச்சிலில் கரைய வேண்டும், கொழுப்பிலும் கரைய வேண்டும், மூலக்கூறு சிறியதாக, அளவு சில மில்லிகிராமாக இருக்க வேண்டும். 500 மில்லிகிராம் பாரசிட்டமாலை அங்கே வைத்தால் கசப்புதான் மிச்சம். கரைந்ததில் பெரும்பகுதி எச்சிலோடு வயிற்றுக்கே போகும்.

‘பிரஷர் ஏறியபோது நிபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் விட்டதும் இறங்கியதே’ என்று கேட்கலாம். இறங்கியது உண்மை, காரணம்தான் வேறு. வாயில் வைத்திருந்தபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்து மிகச் சொற்பம் என்று 1987-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே இறங்கிய திரவம் குடலில் உறிஞ்சப்பட்டதால்தான் அழுத்தம் சரிந்தது. அந்தச் சரிவுக்குக் கடிவாளமும் இல்லை: மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அவற்றைத் தொகுத்துக் காட்டி, இவ்வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. வேகமே நன்மை என்ற எண்ணம் தோற்ற இடம் இது. அறிகுறி ஏதுமின்றி எண் மட்டும் ஏறியிருந்தால் நிமிடங்களில் இறக்கத் தேவையுமில்லை.

மாரடைப்பு என்று சந்தேகித்தால் மருத்துவர்கள் ஆஸ்பிரினைக் கொடுப்பதும் இதைப் போன்றதல்லவா என்றால், அல்ல. அதை மென்று விழுங்கச் சொல்கிறார்கள். பொடியானால் வயிற்றில் சீக்கிரம் கரையும், அவ்வளவுதான். நாக்கடியிலோ ஈறோரத்திலோ அடக்கி வைத்தால் சவ்வு வெந்து புண்ணாகும். விழுங்கவே முடியாத நிலைக்கும் தனித் தயாரிப்புகள் உண்டு: வலிப்பு நிற்காத குழந்தைக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், மிடாசோலம் திரவத்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே விடுவார்கள். அதைப் பார்த்து, நினைவிழந்து கிடப்பவரின் வாயில் கைக்குக் கிடைத்த மாத்திரையைத் திணித்தால் அது மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும்.