‘அவ சிரிச்சாம்மா, அதான் போறேன்’

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஆட்டிசம் உண்டு. டிகிரி முடித்திருக்கிறான். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் பின்னாலேயே போகிறான். வாட்ஸ்அப்பில் விடாமல் மெசேஜ் அனுப்புகிறான். ‘வேண்டாம்’ என்று அவள் சொல்லியாயிற்று. கேட்டால், ‘அவ என்னைப் பாத்துச் சிரிச்சாம்மா’ என்கிறான். இப்போது மகளிர் காவல் நிலையத்தில் புகார். ஒன்றும் தெரியாத பிள்ளை. அந்தப் பெண் வீட்டாரின் காலில் விழுந்து கேட்கட்டுமா?
- பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள், அம்மா. நீங்கள் போய் நின்றால், அவளுக்கு அது இன்னொரு தொந்தரவு. தினமும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பஸ் ஏறியவள் அவள். உங்கள் மகனின் மனதில் கெடுதல் இல்லை என்பதால் அவள் பயம் பொய்யாகிவிடாது.

பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு பார்ப்பது இதைத்தான்: பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்தானா? முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, ஜாமீன் உண்டு. மறுமுறை தண்டனை பெற்றால் 5 ஆண்டு வரை; ஜாமீன் எளிதல்ல. இந்தத் தண்டனையையும் கூட்ட 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. மனநிலை பிறழ்ந்தவருக்கு விலக்கு தரும் 22-வது பிரிவை நம்பியிருக்காதீர்கள். செய்வது இன்னதென்றோ, தவறென்றோ அறிய முடியாத நிலை இருந்ததாக நிரூபிக்க வேண்டும். ஆட்டிசம் சான்றிதழ் மட்டும் போதாது. ஆனால் விசாரணையிலும் தண்டனையை முடிவு செய்கையிலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

எனவே முதல் நாளே அதன் நகலைக் கடிதத்தோடு காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். முகம் பார்த்துப் பேசாவிட்டால் திமிர் என்பார்கள். “தப்புதானே?” என்று அதட்டினால், இவன் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பி “தப்புதானே” என்பான்; ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனாலும் வக்கீல் படித்துக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. போனில் உள்ள மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவை சாட்சியம்.

இவன் ஏன் இப்படி? மார்க் ஸ்டோக்ஸ் குழுவினர் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2007-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று, காதல், பழக்கம் பற்றி மற்றவர்கள் நண்பர்களிடம் கற்பதை ஆட்டிசம் உள்ளவர்கள் அவ்வளவாகக் கற்பதில்லை, மறுத்தாலும் நீண்ட நாள் தொடர்கிறார்கள் என்றது. நம்மூரில் அந்த இடத்தைச் சினிமா நிரப்புகிறது. கதாநாயகி சம்மதிக்கும்வரை கதாநாயகன் துரத்துகிறான். உங்கள் மகன் அதையே விதியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆட்டிசம் உள்ள பெரும்பாலோர் யாரையும் துரத்துவதில்லை. ஏமாற்றப்படுகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். இதையும் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதியைப் பிடித்தால் விடமாட்டான் என்பது உங்களுக்குத் துணை. சுற்றி வளைக்காமல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ‘வேண்டாம் என்றால் அன்றோடு நிறுத்த வேண்டும். சிரிப்பு சம்மதம் அல்ல. மெசேஜ், போன், பஸ் ஸ்டாண்ட், அவள் தோழி, எதுவும் கூடாது.’ அவன் பஸ்ஸில் போகும் நேரத்தை மாற்றுங்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். காவல் நிலையத்துக்கு மட்டும் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள்.