துறைமுகத்தில் ஆபத்தான சரக்குகள் – ஒரு நோக்கு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் பொதிகளின்மேல் புலி இலச்சினை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை வழி அறிகின்றோம். இன்றைய துறைமுகத்திலும் பொதிமேல் குறி உண்டு. அது அரசுக்குரிய வரியைக் காட்டுவதன்று. பொதியைத் தூக்குவோனின் உயிரைக் காப்பது. ஆபத்தான சரக்குகளைக் கையாளும் விதிகள் பலவாயினும், அவற்றிற்கெல்லாம் வேர் இக்குறியே என்பது நம் கருத்து.

கடல்வழிச் செல்லும் இத்தகு சரக்குகளுக்கெனப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று 1965-இல் ஏற்கப்பெற்றது; 2004 முதல் அது கட்டாயமாயிற்று. அத்தொகுப்பு சரக்குகளை ஒன்பது வகுப்புகளாகப் பகுக்கின்றது. வெடிபொருள் முதலாவது. வாயுக்கள், எரியும் நீர்மங்கள், எரியும் திண்மங்கள், ஆக்சிஜனேற்றிகள், நஞ்சுகள், கதிரியக்கப் பொருள்கள், அரிக்கும் பொருள்கள் என அவ்வரிசை தொடரும். இவற்றுள் அடங்காதன ஒன்பதாம் வகுப்பின்பாற்படும். இலக்கணத்தார் புறனடை வகுத்தாற் போல எனலாம். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் உண்டு, பெட்ரோலுக்கு 1203. முனைமேல் நிறுத்திய சதுரத்துள் வண்ணமும் படமும் இருத்தலின், எழுத்தறியாத் தொழிலாளியும் அதனைக் கண்டு விலகி நிற்கலாம்.

குறியிட்டபின் எதனை எதனோடு வைப்பது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்குத் தவறான விடை கூறியதன் விளைவைப் பம்பாய் கண்டது. 1944-இல் விக்டோரியா கப்பல்துறைக்கு வந்த 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்னும் கப்பல் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் ஒருங்கே சுமந்திருந்தது. ஒரே சரக்கறையின் கீழ்த்தளத்தில் பஞ்சு. அதற்கு மேல்தளத்தில் வெடிபொருள். ஏப்ரல் 14 அன்று பஞ்சில் பற்றிய தீ மாலை நான்கு மணியளவில் கப்பலைச் சிதறடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அணைக்கச் சென்று மடிந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே அந்நாள் இன்றும் நம் நாட்டில் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

சரக்கை அனுப்புவோர் அதன் உண்மைப் பெயரை முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. இதனை வெறும் தாள்வேலை எனக் கருதுவாருளர். கால்சியம் கார்பைடை எடுத்துக்கொள்வோம். பழக்கடைகளில் 'கல்' என வழங்குவது இதுவே. நீர்பட்டால் இஃது எளிதில் தீப்பற்றும் அசெட்டிலின் வாயுவை வெளியிடும். சரக்குப் பெட்டகத்துள் இதனை வேறு பெயரில் வைத்து அனுப்பினால், தீயை அணைக்க வருவோன் நம்பி நீரைப் பாய்ச்சுவான். அவன் கையிலுள்ள நீரே அவனுக்குக் கூற்றாகும். பொய்ப் பெயர் எழுதியவனோ அப்போது வேறோர் ஊரில் இருப்பான்!

துறைமுகம் வழிச் செல்லும் இடமேயன்றித் தங்கும் இடமன்று. இதனை மறந்ததே பெய்ரூட்டின் துயரம். 2013-இல் அங்கு வந்த கப்பலொன்றிலிருந்து இறக்கப்பட்ட 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு, கேட்பாரற்றுப் பல்லாண்டுகள் கிடங்கிற் கிடந்தது. 2020 ஆகஸ்டு 4 அன்று அது வெடித்தபோது இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செய்தி கேட்ட பின்னரே, சென்னையை அடுத்த மணலியில் 2015 முதல் பெட்டகங்களில் முடங்கிக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டு நம்மவர் நினைவுக்கு வந்தது. ஐந்தாண்டுகள் அசையாதிருந்த அச்சரக்கு, அம்மாதமே ஐதராபாத்துக்குப் புறப்பட்டது.